போவா பாம்பு பருவமடையும்போது: குணமாற்றத்தை வரிசையாகப் பார்த்துப் புரிந்துகொள்ள முழுமையான வழிகாட்டி

போவா வளர்ப்பவர்களிடமிருந்து ஒரே மாதிரியான புலம்பல் திரும்பத் திரும்ப வரும். "ரெண்டு வருஷம் சாதுவா இருந்துச்சு, இப்ப கூண்டைத் திறந்தாலே சீறுது, எலியையும் தொட மாட்டேங்குது." இதைக் கேட்டதும் பாதிப் பேர் "பருவம் வந்துடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்பார்கள், மீதிப் பேர் "கையில எடுத்துப் பழக்கல, அதான்" என்பார்கள். கூண்டின் சூடு எவ்வளவு, கடைசியாக எப்போது சட்டை உரித்தது, அது ஆணா பெண்ணா என்று யாரும் கேட்பதில்லை.

பருவமடைந்த போவா வருடத்தில் சில மாதங்கள் மட்டும் வேறு பாம்பு போல நடந்துகொள்ளும், அந்த மாதங்கள் போனதும் பழையபடி ஆகிவிடும். வருடம் முழுக்க முரண்டு பிடித்தால் அதற்குப் பருவத்தைக் குற்றம் சொல்ல முடியாது. இந்த இரண்டையும் பிரித்தறியத்தான் கீழே உள்ள படிகள். வரிசையை மாற்றாமல் போங்கள், ஏனென்றால் ஒவ்வொரு படியும் முந்தைய படியில் கிடைத்த தகவலை வைத்துத்தான் நடக்கிறது.

1. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு, பாம்பை வைத்து எடை பார்க்க மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா, கூண்டின் இரு முனைக்கும் தனித்தனி வெப்பமானி, ஒரு ஈரப்பதமானி, தெர்மோஸ்டாட் (சூட்டைக் குறித்த அளவில் நிறுத்தும் கருவி), ஒரு பாம்புக் கொக்கி. இதோடு ஒரு நோட்டுப் புத்தகம். புதியவர்கள் வாங்காமல் விடுவது எப்போதும் இந்த நோட்டைத்தான்.

அதில் தேதி, எடை, இரை கொடுத்தது, தின்றதா இல்லையா, சட்டை உரித்த நாள், கழிவு போட்ட நாள், அப்புறம் நடத்தை பற்றி ஒரு வரி. இவ்வளவு போதும். ஆண் போவா பட்டினி கிடக்கும்போது "போன வருஷமும் இதே மாதத்தில்தான் நிறுத்தியது, எடை இவ்வளவுதான் குறைந்தது" என்று பார்க்க முடிந்தால் பாதிக் கவலை தீர்ந்துவிடும். அந்தக் கணக்கு இல்லாதவருக்கு ஒவ்வொரு வருடமும் முதல் வருடம்தான்.

உங்களிடம் இருப்பது எந்த போவா என்பதையும் விற்றவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். வீடுகளில் அதிகம் இருப்பது மத்திய அமெரிக்கப் பக்கத்து போவா இம்பெரேட்டர். தென் அமெரிக்காவின் போவா கன்ஸ்ட்ரிக்டர் அதைவிடப் பெரிதாகும். ஹாக் தீவு போன்ற தீவுகளிலிருந்து வந்த குட்டை வகைகள் சிறிய உடம்பிலேயே பருவமடைந்துவிடும். இது தெரியாமல் மற்றவர் சொல்லும் நீளக் கணக்கை உங்கள் பாம்புக்குப் பொருத்திப் பார்ப்பது வீண்வேலை.

இன்னொன்று: இவை சைட்டிஸ் (காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள பாம்புகள், அர்ஜென்டினா போவா அதில் மிகக் கடுமையான முதல் இணைப்பிலேயே இருக்கிறது. வாங்கிய ரசீதையும் அனுமதித் தாள்களையும் அதே நோட்டுக்குள் வைத்துவிடுங்கள். குட்டி போட்டால் அப்போது தேட வேண்டியிருக்கும்.

2. ஆணா பெண்ணா என்று உறுதி செய்யுங்கள்

இது தெரியாமல் பருவம் பற்றிப் பேசவே முடியாது, ஏனென்றால் ஆணும் பெண்ணும் காட்டும் அறிகுறிகள் எதிரெதிரானவை.

வால் தொடங்கும் இடத்தில் அடிப்பக்கம் கழிவு வெளியேறும் எச்சத்துளைக்கு இரு பக்கமும் சின்னக் கொக்கி போல ஒவ்வொரு முள் இருக்கும். ஆணுக்கு அது பெரிது, வளைந்து வெளியே துருத்திக்கொண்டிருக்கும்; பெண்ணுக்குச் செதிலுக்குள் பாதி புதைந்து இருக்கும். ஆணின் வால் எச்சத்துளைக்குக் கீழே சற்று தூரம் வரை தடிமன் குறையாமல் போய் அப்புறம்தான் ஒல்லியாகும், பெண்ணின் வால் சட்டென்று கூம்பிவிடும். ஆனால் முள்ளை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். உடைந்த முள்ளோடு திரியும் ஆணும் உண்டு, பெரிய முள் உள்ள பெண்ணும் உண்டு.

உறுதியான வழி, மழுங்கிய உலோகக் குச்சியை எச்சத்துளையின் ஓரமாக வால் பக்கம் செலுத்தி ஆழம் பார்ப்பது. ஆணில் சுமார் 9 முதல் 12 வாலடிச் செதில் ஆழம் வரை போகும், பெண்ணில் 2 முதல் 4 வரைதான். வாசிக்க எளிதாக இருக்கிறது என்பதற்காக வீட்டில் செய்து பார்க்காதீர்கள். கொஞ்சம் அழுத்தினாலும் உள்ளே கிழியும், பாம்பு இறுக்கிக்கொண்டால் ஆண்கூடப் பெண்ணாகத் தெரியும். ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடமோ கை பழகியவரிடமோ விட்டுவிடுங்கள்.

வளர்ந்த ஆணிடம் வலியில்லாத ஓர் அடையாளமும் உண்டு. உரித்த சட்டையின் வால் பகுதியைத் தண்ணீரில் நனைத்து விரித்துப் பாருங்கள், எச்சத்துளைப் பக்கம் காய்ந்துபோன, வெளிர்மஞ்சள் நிறத்தில், அரிசியைவிடச் சற்று நீளமான இரண்டு துண்டுகள் ஒட்டியிருக்கலாம். அது விந்து காய்ந்து உருவான அடைப்பு. கழிவோடும் வரும். புழு என்று பயந்து மருந்து கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அது தென்பட்டால் பெரும்பாலும் அது ஆண், பருவமும் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

3. வயதைக் கேட்காதீர்கள், உடம்பைப் பாருங்கள்

ஆண்கள் பொதுவாக ஒன்றரை வருடத்திலிருந்து 3 வருடத்துக்குள் பருவமடையும். பெண்கள் 3, 4 வருடம் எடுத்துக்கொள்ளும், சில இன்னும் தாமதமாகும். ஆனால் பாம்பின் உடம்பு பிறந்தநாள் பார்ப்பதில்லை, அளவையும் கொழுப்புச் சேமிப்பையும்தான் பார்க்கிறது. போவா இம்பெரேட்டர் ஆண் சுமார் 1.2 மீட்டர் தாண்டியதும், பெண் சுமார் 1.8 மீட்டரை நெருங்கியதும் "இனி வரலாம்" என்று எதிர்பார்க்கத் தொடங்குங்கள். குட்டை வகைகளுக்கு இந்த அளவுகள் பொருந்தாது.

இங்கேதான் புதியவர்கள் ஒரு விபரீதம் செய்வார்கள். சீக்கிரம் பெரிதாக்க வேண்டும் என்று வாரா வாரம் பெரிய எலியாகத் திணிப்பார்கள். நீளம் வந்துவிடும், ஆனால் போவா மெதுவாகச் செரிக்கிற பாம்பு, மிஞ்சியது எல்லாம் உள்ளே கொழுப்பாகப் படியும். அப்படி ஊதிய பெண் சினை பிடிப்பதிலும் குட்டி போடுவதிலும் திணறும், ஆயுளும் குறையும். வளர்ந்த போவாவுக்கு 3, 4 வாரத்துக்கு ஒரு இரை தாராளம். வாலடியில் கொழுப்பு பிதுங்கி, உடம்பை வளைக்கும்போது செதில்களுக்கு இடையே தோல் தெரிந்தால் இரை அதிகம் என்று அர்த்தம்.

4. குணம் மாறியதும் பருவம் என்று நினைக்காதீர்கள், முதலில் மற்றதைக் கழியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். ஹார்மோனை நாம் வீட்டில் அளந்து பார்க்க முடியாது. அதனால் அளக்க முடிந்ததை எல்லாம் முதலில் அளந்து கழித்துவிட்டு, மிச்சம் இருப்பதைத்தான் பருவம் என்று சொல்ல முடியும்.

முதலில் சூடு. சூடான முனை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த முனை 25 முதல் 27, ஈரப்பதம் 60 முதல் 70 சதவீதம். தெர்மோஸ்டாட்டில் எழுதியிருப்பதை நம்பாமல் பாம்பு படுக்கும் இடத்திலேயே வெப்பமானியை வைத்துப் பாருங்கள், சூட்டை உணரும் அதன் கம்பி இடம் மாறிப்போய் சூடான முனை 38 வரை ஏறிய கூண்டுகள் நிறைய. சூடு தாங்காத பாம்பு அலையும், தண்ணீர்த் தொட்டியில் கிடக்கும், கை பட்டால் சீறும். பருவம் வந்த ஆணும் அலையும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

அடுத்து சட்டை. கண்ணில் நீலம் பூத்து, நிறம் மங்கி, வயிறு இளஞ்சிவப்பாக இருந்தால் அதற்குச் சரியாகப் பார்வை தெரியாது. அப்போது சீறினால் அதைக் குணம் என்று கணக்கில் எழுத வேண்டாம். உரித்து முடித்து ஒரு இரை செரித்த பிறகு பாருங்கள்.

அப்புறம் பூச்சி. கண்ணோரத்திலும் தாடை மடிப்பிலும் கரும்புள்ளி நகர்கிறதா? பாம்பைத் தடவிய வெள்ளைத்தாளில் புள்ளி ஒட்டுகிறதா? உண்ணிப்பேன் இருந்தால் எந்தப் பாம்பும் எரிச்சலாகத்தான் இருக்கும்.

பிறகு நோய். மூச்சு விடும்போது சத்தம், வாயோரம் நுரை, தலையை அண்ணாந்து வைத்துக்கொள்வது, இரையைக் கக்குவது, மல்லாக்கப் போட்டால் திரும்பத் தடுமாறுவது. இதில் ஒன்று இருந்தாலும் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள். குறிப்பாக உட்பொருள் உடல் நோய் (ஆங்கிலத்தில் Inclusion Body Disease). ரெப்டரீனா வைரஸ்களால் வருவது, சிகிச்சை கிடையாது, வைரஸைச் சுமக்கும் போவா வருடக்கணக்கில் நன்றாக இருப்பது போலவே தெரியும். பரிசோதனை செய்யாத பாம்பை இன்னொன்றோடு ஒரு மணி நேரம் கூடச் சேர்க்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

கடைசியாகப் பழக்கம். கூண்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இரைதான் வந்திருக்கிறது என்றால், கதவு திறந்தால் சோறு என்றுதான் பாம்பு கற்றிருக்கும். வளர வளர அந்தப் பாய்ச்சல் பெரிதாகத் தெரியும், நாம் அதைக் கோபம் என்போம்.

இந்த ஐந்தும் சரியாக இருந்து, நோட்டில் பார்த்தால் பகல் குறுகி இரவு குளிரும் மாதங்களாகவும் இருந்தால், அப்போது அடுத்த படிக்குப் போகலாம்.

5. ஆணின் பருவ அறிகுறிகளைப் படிப்பது

இரவு முழுக்கச் சுற்றும். கண்ணாடியின் ஓரத்தில் மூக்கைத் தேய்த்துக்கொண்டே ஒரே பாதையில் போய்வரும். நாக்கு நிற்காது. இரையை முகர்ந்து பார்த்துவிட்டு, சில சமயம் அதன் மேலேயே ஊர்ந்து போய்விடும். கையில் எடுத்தால் சுற்றிக்கொண்டு உட்காராமல் எங்கோ அவசரமாகப் போவது போல முன்னேறிக்கொண்டே இருக்கும், சில ஆண்கள் உங்கள் கையிலேயே முள்ளை வைத்துச் சுரண்டும். இதில் கடிக்கும் நோக்கம் எதுவும் இல்லை. பெண்ணைத் தேடுகிறது, அவ்வளவுதான். நீங்கள் வேண்டுமென்றே குளிரூட்டாவிட்டாலும் அறையின் இரவு வெப்பம் ஓரிரு டிகிரி இறங்குவதே பல ஆண்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. அதே அறையில் வளர்ந்த பெண் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

செய்ய வேண்டியவை இவை. கூண்டின் பூட்டையும் சின்னச் சின்ன இடைவெளிகளையும் இந்த மாதங்களுக்கு முன்பே சோதியுங்கள். பல மாதம் தள்ளிப் பார்க்காத கதவை இந்த நேரத்தில்தான் தள்ளிப் பார்க்கும். மூக்கு புண்ணாகிறது என்றால் முன்பக்கக் கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் வெளியே தெரியாதபடி காகிதம் ஒட்டுங்கள், ஒளிந்துகொள்ள இரண்டு இடம் வையுங்கள்.

பட்டினிக்கு வருவோம். சில வாரம் முதல் மூன்று நான்கு மாதம் வரை ஆண் தின்னாமல் இருக்கலாம். வாரம் ஒரு முறை எடை பாருங்கள். பருவம் தொடங்கியபோது இருந்த எடையில் 10 சதவீதத்துக்குள் குறைந்தால் விட்டுவிடலாம், அதைத் தாண்டினாலோ முதுகெலும்பு கூர்மையாகத் தெரிந்தாலோ மருத்துவர் பார்க்க வேண்டும். இரை கொடுத்துப் பார்ப்பதை 3 வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம், அதுவும் வழக்கத்தைவிடச் சிறிய இரை. தினமும் எலியை ஆட்டிக் காட்டுபவர்கள் பாம்பையும் பதற்றப்படுத்தி, தங்களையும் பதற்றப்படுத்திக்கொள்கிறார்கள். வாயைப் பிளந்து திணிப்பது பற்றி நினைக்கவே வேண்டாம்.

இந்தக் காலத்தில் எச்சத்துளையிலிருந்து சிவப்பாக உறுப்பு வெளியே வந்து உள்ளே போகாமல் இருந்தால், சுத்தமான ஈரத்துணியால் காயாமல் பார்த்துக்கொண்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். காய்ந்தால் அழுகும்.

6. பெண்ணின் அறிகுறிகள்

பெண்ணின் மாற்றம் மெதுவானது, பெரும்பாலும் கவனிக்காமலே போய்விடும். கருமுட்டைகள் வளரும் காலத்தில் நன்றாகத் தின்னும், குளிர்ந்த முனையிலேயே கிடக்கும், உடம்பின் பின்பாதி தடிக்கும். கருமுட்டை வெளியேறும்போது பெரிய இரையை விழுங்கியது போல நடு உடம்பு ஓரிரு நாள் வீங்கித் தெரியும். இரை கொடுக்காமலே அப்படி வீங்கினால் நோட்டில் தேதியைப் போட்டுவிடுங்கள்.

சினை பிடித்திருந்தால் அதன் பிறகு இடம் மாறிச் சூடான முனையிலேயே குடியிருக்கும், உடம்பைப் பக்கவாட்டில் புரட்டி வயிற்றைச் சூட்டுக்குக் காட்டிப் படுக்கும், இரை வேண்டாம் என்று சொல்லலாம். வீக்கம் வந்து சுமார் 2, 3 வாரத்தில் ஒரு முறை சட்டை உரிக்கும். அப்படிச் சட்டை உரித்த தேதியிலிருந்து ஏறக்குறைய 100 முதல் 120 நாளில் குட்டி. போவா முட்டையிடாது, உயிருள்ள குட்டிகளைப் போடும். கூடவே கருவுறாத மஞ்சள் கூமுட்டைகளும் வரும்.

இந்த நாட்களில் சாதுவான பெண்ணும் சீறலாம். வயிற்றில் அழுத்தம் படக் கூடாது என்பதால் தூக்குவதை நிறுத்துங்கள். தண்ணீர் மாற்றுவது, சுத்தம் செய்வது மட்டும், அதுவும் கொக்கியாலோ அட்டையாலோ பாம்பின் தலையைத் தடுத்துக்கொண்டு.

"ஆணோடு சேர்க்கவே இல்லையே" என்று கேட்கலாம். விந்தை உடலில் நெடுநாள் சேமித்து வைப்பது பாம்புகளில் உண்டு, ஆணே இல்லாமல் குட்டி போட்ட போவாக்களும் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான். வளர்ந்த பிறகு வாங்கிய பெண் என்றால் முன்பு எங்கே யாரோடு இருந்தது என்று கேட்டுவையுங்கள்.

7. பாய்ச்சலைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இரைக்கான பாய்ச்சலும் பயத்தால் வரும் பாய்ச்சலும் வெவ்வேறு, அதற்கான சிகிச்சையும் வெவ்வேறு.

இரை எதிர்பார்க்கும் போவா சத்தமே போடாது. தலை மெதுவாக உங்கள் பக்கம் திரும்பும், நாக்கு நிதானமாக நீண்டு வெளியே வந்து போகும், கழுத்து ஒரு வளைவோடு அப்படியே நிற்கும். உங்கள் கை நகர்ந்தால் அதன் மூக்கும் கூடவே நகரும். இந்த அமைதியைச் சாதுத்தனம் என்று நினைத்துக் கையை நீட்டுகிறவர்கள்தான் அதிகம் கடி வாங்குகிறார்கள். கடித்தால் விடாது, சுற்றிக்கொள்ளும்.

பயந்த போவா தலையைப் பின்னுக்கு இழுக்கும், கழுத்து எஸ் வடிவத்தில் மடியும், உடம்பு ஊதி நீளமான சீறல் வரும், சில சமயம் எச்சத்துளையிலிருந்து நாற்றமடிக்கும் திரவத்தைப் பீய்ச்சும். கடித்தாலும் சட்டென்று விட்டுவிடும். உனக்கு நேரம் கொடுக்கிறேன், போ என்று சொல்கிறது. போய்விடுங்கள், பத்து நிமிடம் கழித்து வாருங்கள்.

முதல் வகைக்குக் கொக்கிப் பழக்கம்தான் மருந்து. கதவைத் திறந்ததும் கொக்கியால் உடம்பின் நடுவில் மெதுவாகத் தட்டி, கழுத்துப் பக்கம் இலேசாகத் தடவுங்கள். தட்டினால் இரை இல்லை, தட்டாமல் எலி வாசனை வந்தால் இரை. வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி செய்தால் பாம்பு இந்த வித்தியாசத்தை நன்றாகவே கற்றுக்கொள்ளும். ஒருவர் தட்டி ஒருவர் தட்டாமல் எடுத்தால் பயனில்லை. இரண்டாம் வகைக்கு ஒளிவிடமும் பொறுமையும்தான், கொக்கியால் தட்டிக்கொண்டே இருந்தால் இன்னும் பயப்படும்.

8. பருவ மாதங்களில் கையாளுவது

சினையான பெண்ணைத் தவிர மற்றவற்றைக் கையாளுவதை முழுக்க நிறுத்த வேண்டாம், குறையுங்கள். அலைகிற ஆணைச் சில நிமிடம் வெளியே எடுத்து ஊர விட்டால் அமைதியாவதும் உண்டு. இரை தின்ற பிறகு குறைந்தது 48 மணி நேரம், பெரிய இரை என்றால் இன்னும் அதிகம் தொடாதீர்கள், கக்கிவிடும். கக்கினால் 2 வாரம் விட்டுப் பாதி அளவு இரையோடு தொடங்குங்கள்.

எலியையோ இன்னொரு போவாவையோ தொட்ட கையை நன்றாகக் கழுவிவிட்டு வாருங்கள். பெண்ணைத் தூக்கிவிட்டு நேரே ஆணின் கூண்டைத் திறப்பது இந்த மாதங்களில் பெரிய தொந்தரவு, உங்கள் கையையே பெண் என்று எண்ணி விடாமல் பின்தொடரும்.

1.8 மீட்டருக்கு மேல் உள்ள பாம்பு என்றால் இரண்டாவது ஆள் அறையில் இருக்க வேண்டும், கழுத்தில் போட்டுக்கொள்ளக் கூடாது. பல வருடம் பழகிய பாம்புக்கும் இதே விதிதான்.

9. அமைதியாக்க இணை சேர்க்காதீர்கள்

"ஒரு தடவை சேர்த்துவிட்டால் அடங்கிவிடும்" என்ற அறிவுரையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சேர்த்தாலும் அடுத்த வருடம் அதே மாதங்களில் அதே அலைச்சல் வரும். நடுவில் உங்களுக்கு 20, 30 குட்டிகள் மிஞ்சும், சில பெண்கள் அதற்கு மேலும் போடும், ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி, தனி இரை, 20 வருடத்துக்கு மேல் வாழக்கூடிய உயிருக்கு ஒரு வீடு. ஆண்மை நீக்கம் செய்யலாமா என்று சிலர் கேட்பார்கள். நாய்க்குச் செய்வது போல இது பாம்புக்கு வழக்கமான தீர்வு அல்ல. துணைக்கு என்று இரண்டு ஆண்களை ஒரே கூண்டில் விடவும் வேண்டாம், முள்ளால் கிழித்துக்கொண்டு சண்டை போடும்.

10. கடித்துப் பிடித்துக்கொண்டால்

இழுக்காதீர்கள். பற்கள் உள்நோக்கி வளைந்தவை, இழுத்தால் உங்கள் தோலும் கிழியும், பாம்பின் பல்லும் உடையும். குளிர்ந்த நீரைத் தலைமேல் ஓடவிடுங்கள், விடாவிட்டால் கை சுத்தம் செய்யும் ஆல்கஹால் திரவத்தில் சில துளி அதன் வாயோரத்தில் விட்டால் பெரும்பாலும் விட்டுவிடும். சுற்றியிருந்தால் வால் நுனியிலிருந்து பிரியுங்கள், தலைப் பக்கத்திலிருந்து பிரிக்கப் போனால் இன்னும் இறுகும். இரண்டாவது ஆள் தேவை என்றது இந்த வேலைக்காகவும்தான். போவாவுக்கு விஷம் கிடையாது, ஆனால் காயத்தைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, ஒடிந்த பல் உள்ளே இருக்கிறதா என்று பார்த்து, ஆழமாக இருந்தால் மருத்துவரிடம் காட்டி டெட்டனஸ் ஊசி தேவையா என்று கேளுங்கள்.

முடிந்ததும் நோட்டை எடுத்து அன்றைய தேதி, கூண்டின் சூடு, கடைசி இரை, கடைசிச் சட்டை, பாய்ச்சல் எந்த வகை என்று எழுதிவிடுங்கள். இரண்டு நாள் கழித்து எழுதினால் "திடீரென்று கடித்துவிட்டது" என்றுதான் எழுதுவீர்கள்.